விடுபட்ட ஓடை

கந்தையா அண்ணன் காலமான செய்தி, சுங்கை பாக்காப்பிலிருந்து அவர் மகள் எழுதிய கடிதத்தில் வந்தது. தகனம் முடிந்து இரண்டு நாளாகியிருந்தது. அலுவலகத்தில்தான் வாசித்தேன். அன்று ஒரு கோடுகூட இழுக்க என்னால் முடியவில்லை.

நில அளவை அலுவலகத்தில் பதினைந்து ஆண்டுகள் அடுத்தடுத்த மேசைகளில் அமர்ந்து படம் வரைந்தோம். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். நான் அவசரப்பட்டால், "கண் களைச்சால் கோடு பொய் சொல்லும். எழும்பிக் கொஞ்சம் நட" என்பார்.

பாலிக் புலாவ் பக்கத்தில், மலைகளுக்கு நடுவே ஒரு சிற்றூர். சாலை வேலைக்கு வந்த நம் தமிழ்க் குடும்பங்களுக்கு அங்கே தாழ்நிலத்தில் வீடுகள் கட்ட முடிவாயிற்று. இடம் குறிக்கும் வேலை அண்ணனிடம் வந்தது. ஏதோ உறுத்த, பழைய படத்தை எடுத்து விரித்தார். அதில் ஊர்ப்பாதை அந்த நிலத்தை நேராகக் கடக்காமல் மேட்டோரமாகச் சுற்றிப் போயிற்று. வீடுகளெல்லாம் மேட்டிலேயே இருந்தன. பள்ளத்தில் மெல்லிய நீலக் கோடாக ஓர் ஓடை. புதிய படத்தில் ஓடையே இல்லை.

மறுநாள் இருவரும் நேரில் போனோம். சந்தையில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த காதர் பாயிடம் ஓடையைப் பற்றி விசாரித்தோம். "இப்ப காஞ்சு கிடக்கு தம்பி. பெரிய மழை வந்தா பழைய வழியிலயே தண்ணி திரும்பி வரும்" என்றார்.

புதிய படத்தை வரைந்தவர் அண்ணன். பழையதோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தாயிற்று என்று சொல்லி அதை மேலே அனுப்பியவன் நான். உண்மையில் நான் பார்க்கவே இல்லை.

தலைமை வரைவாளர் பதவி அவருக்குத்தான் என்று எல்லோரும் நம்பியிருந்த நேரம் அது. அவர் துரையின் அறைக்குத் தனியாகப் போனார். யார் சரிபார்த்தது என்று துரை கேட்டது வெளியே எனக்குக் கேட்டது. பிழை தன்னுடையது மட்டுமே என்றார் அண்ணன். வீடுகளுக்கான இடம் மேட்டுக்கு மாறியது. பதவி எனக்கு வந்தது.

உண்மையைப் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று அவரிடம் சொன்னேன். "இனிச் சொல்லி என்ன? அந்தச் சனம் மேட்டிலை இருக்குதுகள். அது போதும்" என்றார். நானும் அதைச் சாக்காக வைத்துக்கொண்டேன்.

அடுத்த பருவமழையில் அந்தப் பள்ளத்தில் மார்பளவு தண்ணீர் நின்றது. பார்க்கப் போனோம். மேட்டு வீடுகளில் அடுப்புகள் புகைந்துகொண்டிருந்தன. நனைந்து நின்ற எங்களை, யாரென்று தெரியாமலேயே ஒரு பெண் உள்ளே அழைத்துக் காப்பி கொடுத்தாள். அண்ணன் அதை நிதானமாகக் குடித்தார்.

அவரை அறிந்து, இதை வாசிக்கும் உங்களுக்கு, ஒரு பிழையால் பதவி உயர்வை இழந்தவர் அவர். அந்தப் பிழையில் பாதி என்னுடையது. அவர் இருந்தபோதே நான் சொல்லியிருக்க வேண்டும். அவருடையதாக இன்று என்னிடம் இருப்பது, அவர் உட்கார வேண்டிய நாற்காலி.