குரல் கோப்பு இருந்த இடம்

கிண்ணியாவைச் சேர்ந்த றுவைஸ் வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதுகிறவன். சாம்பல்தீவில் தட்டச்சு வேலை செய்துவந்த சிவாஜினிக்குப் பார்வை போன பிறகு, வேர்ட் செயலியில் அடிப்பதைத் தமிழில் வாசித்துக் காட்டும் சிறு இணைப்பு நிரல் ஒன்றை அவளுக்காக எழுதினான். அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டுத்தான் அவள் தட்டச்சுக்குத் திரும்பினாள்.

நகரத்து அலுவலகம் ஒன்று அவளைத் தட்டச்சுச் சோதனைக்கு அழைத்தது. அங்குள்ள கணினியில்தான் அடிக்க வேண்டும். சோதனை நாளன்று றுவைஸ் அவளோடு சற்று முன்கூட்டியே போய் நிரலை நிறுவினான். வேர்டில் அதற்கான பொத்தான் வந்தது. அமத்தினான். ‘குரல் கோப்பு கிடைக்கவில்லை’ என்றது.

நிறுவிய கோப்புறையைத் திறந்தான். கோப்பு அங்கேயே இருந்தது. அழித்துவிட்டு மறுபடி நிறுவினான். அதே வரி. கோப்பை வின்டோஸ் கோப்புறைக்குள் போடப் பார்த்தான். கணினி கடவுச்சொல் கேட்டது. அது தெரிந்தவர் அன்று லீவு.

"என்ன தம்பி, சத்தத்தைக் காணேல்ல?" பக்கத்துக் கதிரையிலிருந்து சிவாஜினி கேட்டாள்.

"கோப்பு கண்ணுக்கு முன்னால கிடக்கு அக்கா. இதுக்குத்தான் தெரியுதில்ல."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது.

சோதனை அதிகாரி கனகசுந்தரம் வந்தார். "இனியும் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது. மற்ற ஆக்கள் வெளியில நிக்கினம்."

"குரல் இல்லாமலே அடிக்கிறன் சேர்," என்றாள் சிவாஜினி.

அவர் வாசிக்க வாசிக்க அவள் அடித்தாள். முதல் பந்தி சுத்தமாக வந்தது. பந்தியை மாற்றிவிட்டுக் கையை வைத்தபோது வலக்கை ஒரு விசை தள்ளி விழுந்தது. பிறகு வந்ததெல்லாம் அர்த்தமில்லாத எழுத்துகள். றுவைஸ் வாயைத் திறந்தான். கனகசுந்தரம் தாளிலிருந்து கண்ணெடுக்காமலே பேசவேண்டாமென்று விரலை உயர்த்தினார். சிவாஜினி தயங்காமல், வேகமாக, கடைசிவரை அடித்து முடித்தாள்.

"எப்படி வந்திருக்கு தம்பி?"



அந்த வாரமே நிரலின் பிழை பிடிபட்டது. வேர்ட் நிரலை வேறொரு மறைவான கோப்புறைக்குப் பிரதியெடுத்து அங்கிருந்து இயக்குகிறது. குரல் கோப்போ நிறுவிய இடத்திலேயே தங்கிவிடுகிறது. நிரல் தான் ஓடும் இடத்தில் அதைத் தேடியிருக்கிறது. அவள் பழகிய அவனுடைய மடிக்கணினியில், கணினி அடுத்துத் தேடும் வின்டோஸ் கோப்புறைக்குள்ளும் குரல் கோப்பின் ஒரு பிரதி கிடந்ததால் இது வெளியே தெரியாமற் போயிற்று. ஒரே வரியைத்தான் மாற்ற வேண்டியிருந்தது.

சிவாஜினிக்குத் தொலைபேசியில் சொன்னான்.

"அப்ப அது தொலையேல்லையா?"

"இல்ல அக்கா. நான்தான் பிழையான இடத்தில தேட வச்சிட்டன்."

"நேற்று அலுவலகத்தால அறிவிச்சவை. வேற ஆளை எடுத்திட்டினமாம்."

"இப்ப சரியா வாசிக்குது அக்கா," என்றான்.

"ஓம் தம்பி," என்றாள். இணைப்பைத் துண்டிக்க இருவருக்கும் மனம் வரவில்லை.