அப்பாவின் பட்டறைக்கல்லுக்கு விலை கேட்டவர்கள்

தொழிற்சங்க வேலை என்பது அடுத்தவர் உழைப்புக்கு விலை பேசுகிற தொழில். அதில் முப்பத்தெட்டு வருடம் கழித்தவனுக்குச் சொந்தப் பொருளுக்கு விலை சொல்லத் தெரியவில்லை என்றால் சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டிலும் அப்பா விட்டுப்போன, தூக்கவும் முடியாத தூக்கிப் போடவும் மனம் வராத சாமான் ஒன்று இருக்கும்.

என்னிடம் இருந்தது பட்டறைக்கல். பெயர்தான் கல், முழுக்க இரும்பு. ஒரு பக்கம் கொம்பு, மேலே தட்டையான முகம். காக்ஸ் டவுனில் என் அப்பா ஜட்கா வண்டிக் குதிரைகளின் லாடத்தை இதன் மேல் வைத்துத்தான் அடித்தார். அவர் போன பிறகு நான் இதை ஆலை வாசலுக்குக் கொண்டுபோனேன். நான் குள்ளம். கேட் மீட்டிங்கில் இதன் மேல் ஏறி நின்றால்தான் கடைசி வரிசைக்கு என் முகம் தெரியும். கொடிக்கம்பத்துக்கு வாங்கிய சிவப்பு பெயின்டில் மிச்சத்தை இதன் அடிப்பாகத்துக்கும் அடித்தேன்.

இப்போது வாடகை வீட்டைக் காலி செய்து, மகள் மலரின் மூன்றாவது மாடி ஃபிளாட்டுக்குப் போக வேண்டும். பட்டறைக்கல்லை மேலே ஏற்றக் கூடாது என்று அங்குள்ள குடியிருப்போர் சங்கம் தீர்மானம் போட்டுவிட்டது. சங்கத் தீர்மானத்தை நானே மீறலாமா? மாதக் கடைசிக்குள் இது யார் கைக்காவது போயாக வேண்டும். உலையில் போட்டு உருக்குகிறவன் கைக்கு மட்டும் போகக் கூடாது.

கிலோ கணக்கு

முதலில் வந்தவர் சிவாஜி நகர் பழைய இரும்புக் கடைக்காரர், ரஃபீக் பாய். குட்ஸ் ஆட்டோவில் தராசோடு வந்தார். மூன்று பேர் மூச்சுப் பிடித்துத் தூக்கி வைத்தார்கள். எண்பத்திரண்டு கிலோவும் கொஞ்சமும் காட்டியது. மறுபேச்சில்லாமல் கிலோவுக்கு இவ்வளவு என்றார். ஜன்னல் கம்பிக்கும் அதே விலைதான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இது சாதாரண இரும்பு இல்லை, இதன் பிறப்பே வேறு என்று கால் மணி நேரம் பேசினேன். பழைய பழக்கம், கையும் உயர்ந்துவிட்டது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மனுசனுக்கு ஜாதி இல்லன்னு மைக்ல சொன்னது நீங்கதானேண்ணா? இரும்புக்கு மட்டும் ஏன் பார்க்கறீங்க?"

பெயின்ட்

மலர் இணையத்தில் படம் போட்டாள். இந்திரா நகரில் புதிதாகத் திறக்கப்போகும் ஹோட்டலை அலங்கரிக்கிற பெண் ஒருத்தி வந்தாள். வாசலில் இதை வைத்து மேலே பூச்சாடி வைப்பார்களாம். சொன்ன விலை நல்ல விலை. பொய் சொல்ல மாட்டேன், மனது கொஞ்சம் ஆடியது.

அந்தச் சிவப்பு எப்படி வந்தது என்று அவளே கேட்டாள். விடுவேனா? கதவடைப்பு, எழுபத்தோரு நாள் வேலைநிறுத்தம், வேலை போன பதினாறு பேர், அவர்களில் நான் முதல் பெயர் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கண் கலங்கத்தான் கேட்டாள். பிறகு பட்டறைக்கல்லை இன்னொரு முறை பார்த்துவிட்டு, "எல்லாம் சரி அங்கிள், ஆனா ரெட் இப்போ யாரும் கேக்கறதில்ல. டார்க் கிரீன் அடிச்சுக்கலாமா?" என்றாள்.

தேதி

அதன் பிறகுதான் உண்மையிலேயே இது என்ன, என்ன பெறும் என்று தெரிந்தவரைத் தேடினேன். எல்லோரும் சொன்னது ஒரே பெயர், விவேக் நகர் லூர்துசாமி. எங்கள் ஆலையில் டூல் ரூம் ஃபிட்டர். எழுபத்தோரு நாளும் பின்வாசல் வழியாக உள்ளே போய் வேலை பார்த்த கருங்காலி. இப்படித்தான் அன்று துண்டுப் பிரசுரத்தில் எழுதினேன். பெயரைத் தடித்த எழுத்தில் போடச் சொன்னவனும் நானே. அதற்குப் பிறகு அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. போன் செய்வதற்கு இரண்டு நாள் ஆயிற்று. அவர் மறுநாளே பஸ் பிடித்து வந்துவிட்டார்.

சட்டைப்பையிலிருந்து ஒரு பேரிங் குண்டை எடுத்து, ஒரு முழ உயரத்திலிருந்து முகத்தின் மேல் விட்டார். கிட்டத்தட்ட கைக்கே திரும்பி வந்தது. மட்டமான இரும்பாக இருந்தால் குண்டு அங்கேயே படுத்திருக்குமாம். சுத்தியலால் தட்டினார். குழந்தை இயேசு கோயில் மணிபோல நின்று ஒலித்தது. நடுவில் இருந்த பள்ளம் விலையைக் குறைக்குமோ என்று பயந்திருந்தேன். அது என் அப்பா வேலை செய்த அடையாளம், குறை இல்லை என்றார்.

நான் பெருமையோடு பக்கவாட்டைக் காட்டினேன். அங்கே 1, 2, 14 என்று இடைவெளி விட்டுக் கொத்தியிருக்கும். 1914 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து என் குடும்பம் இரும்படிக்கிறது என்று எத்தனை மேடையில் முழங்கியிருப்பேன்; அச்சிலும் போட்டிருக்கிறேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். அது இங்கிலீஷ்காரன் எடைக் கணக்கு என்றார். முதல் எண் நூற்றுப் பன்னிரண்டு பவுண்டு, அடுத்தது இருபத்தெட்டு பவுண்டாக இரண்டு, கடைசி பதினாலு பவுண்டு. மொத்தம் நூற்றெண்பத்திரண்டு. கிலோவாக்கினால் எண்பத்திரண்டரை. ரஃபீக் பாய் தராசு காட்டியதும் அதுதான்.

அவர் சிரிக்கவில்லை. உடைந்திருந்த ஒரு மூலையை விரலால் தடவினார். அது போலீஸ் ஓடி வந்த அன்று தோழர்கள் கேட்டருகே கீழே போட்டதில் உடைந்தது. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. காபி கொடுத்தேன். குடித்து முடித்து டம்ளரை வைக்கும்போது சொன்னார்: "அன்னிக்கு இது விழுந்த சத்தம் உள்ள எனக்குக் கேட்டுச்சு தலைவரே. எவ்வளவு நல்ல இரும்பு, அது மேல நின்னு என்னைத் திட்றாரேன்னு நினைச்சேன்."

எந்தப் பக்கம்

பழைய இரும்பு விலையைப்போல ஆறு மடங்கு கேளுங்கள், குறைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போன லூர்துசாமி, ஆளையும் அவரே அனுப்பினார். பிரேசர் டவுன் இம்தியாஸ், குதிரையேற்றப் பள்ளிகளில் லாடம் அடிப்பவர். இதுவரை ஒரு துண்டு ரயில் தண்டவாளத்தின் மேல் வேலை செய்துகொண்டிருந்தாராம். கொண்டுவந்த லாடத்தைக் கொம்பில் மாட்டி நாலு தட்டுத் தட்டினார். வளைவு சரியாக விழுந்தது. பட்டறைக்கல்லைப் பார்த்துத் தலையாட்டினார், என்னைப் பார்த்து அல்ல.

ஆறு மடங்கு என்று ஆரம்பித்தேன். சரி என்றார். அதோடு விட்டிருக்கலாம். லீவு உண்டா, குதிரை உதைத்தால் ஆஸ்பத்திரிச் செலவு யார் தருகிறார்கள் என்று கேட்டுத் தொலைத்தேன். ஒன்றும் கிடையாது. உடனே ஐந்து மடங்கு போதும் என்றேன். நல்ல பொருளைக் கம்மியாகக் கேட்கக் கூடாது, ஆறே இருக்கட்டும் என்றார் அவர். நான் மேஜையைத் தட்டி நாலுக்கு வந்தேன். கடைசியில் மூன்று மடங்குக்கு அவரை ஒப்புக்கொள்ள வைத்தேன். ஒரே நிபந்தனை, சிவப்பைச் சுரண்டக் கூடாது. சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மலர் கேட்டாள்: "அப்பா, இதுல நீங்க எந்தப் பக்கம்?"

முப்பத்தெட்டு வருடத்தில் நான் முழுசாக ஜெயித்த ஒரே பேச்சுவார்த்தை இதுதான், அதில் தோற்ற முதலாளியும் நானே.