ஜம்புநாதன் திருத்திய கைகள்

ஜம்புநாதன் முப்பத்தோராண்டுகள் புணேயில் ஒரு மருத்துவக் கல்லூரியின் உடற்கூற்றியல் துறையில் பணியாற்றினார். அவர் மருத்துவரல்லர், டெக்னீஷியன். மாணவர்கள் கற்பதற்காக வந்துசேரும் உடல்களைப் பதப்படுத்துவதும், தோலை நீக்கி உள்ளிருப்பவற்றைத் தெளிவாகக் காட்டுவதும் அவர் வேலை. இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுவரும் தமனிக்குச் சிவப்பு, அதனைத் திரும்பக் கொண்டுசெல்லும் சிரைக்கு நீலம், நரம்புக்கு மஞ்சள் என வண்ணம் தீட்டுவார். புணேயின் விஷ்ராந்த்வாடிப் பகுதியில் எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் குடியிருந்தார். அவருடைய சட்டைகளில் உடல்களைப் பதப்படுத்தும் ஃபார்மலின் மருந்தின் நெடி போகாது என்பதால், மனைவி சரசா அவற்றைத் தனி வாளியில்தான் நனைப்பார்.

ஆண்டுத் தேர்வுக்கு உறுப்புகளை வைத்து மேசை அமைப்பதில் ஜம்புநாதனுக்கு நிகரில்லை என்று துறையில் சொல்வார்கள். அந்தப் பெயரைக் காப்பாற்றப் போய்த்தான் பிழை நேர்ந்தது.

1995ஆம் ஆண்டு, தேர்வுக்கு முந்தைய நாள், ஒரு வலக்கையைத் தோலுரித்தார். கையின் பெரிய தமனி முழங்கைக்குச் சற்றுக் கீழே இரண்டாகப் பிரியும் என்பது பாடநூற்படம். அந்தக் கையிலோ அது அக்குளுக்கு அருகிலேயே பிரிந்திருந்தது. ஒரு கிளை, தசைக்கு அடியில் மறையாமல், முழங்கை மடிப்பில் தோலுக்கு நேர் கீழே ஒரு சிரையைப் போல ஓடிச் சுண்டுவிரல் பக்கம் இறங்கிற்று. வேறு கை தயாராக இல்லை. வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர், ஜம்புநாதனின் கத்தி தவறிவிட்டதென்று எண்ணுவாரோ என அஞ்சினார். எனவே அந்தக் கிளையை மேலே வெட்டி, முழங்கைக்குக் கீழே பசையால் ஒட்டி, இணைப்புத் தெரியாதபடி சிவப்பு பூசினார்.

புத்தகத்தைப் பார்த்ததுபோல் இருக்கிறது என்று தேர்வாளர் பாராட்டினார். தேர்வு முடிந்ததும் அந்தக் கை கண்ணாடி ஜாடியில் துறையின் காட்சியறைக்குப் போயிற்று. அடுத்த எட்டாண்டுகளில் அத்தகைய கைகள் அவ்வப்போது வந்தன. ஒவ்வொன்றையும் அவ்வாறே திருத்தினார். மொத்தம் பதினொன்று.

2003 ஜூலையில் சரசாவுக்கு ஓயாத வாந்தி கண்டது. பக்கத்தில் இருந்த சிறு மருத்துவமனையில் அன்று பணியிலிருந்தவர் ஜெயந்த். 1995இல் அதே மேசையில் தேர்வெழுதிய மாணவர்.

"அரே, அங்கிள், நீங்களா! டென்ஷன் வேண்டாம். ஒரு இஞ்செக்‌ஷன், ஆன்ட்டிக்கு வாந்தி பந்த் ஆயிடும்."

சரசாவின் வலது முழங்கை மடிப்பில் ஓர் இரத்தக்குழாய் புடைத்திருந்தது. ஜெயந்த் அதிலேயே ஊசியைச் செருகினார். பளிச்சென்ற சிவப்பு இரத்தம் தானாகவே மருந்துக் குழலுக்குள் துடித்து ஏறியது. ஜம்புநாதன் அதைப் பார்த்துவிட்டார்.

"ஜெயந்த், அது ஆர்ட்டரி மாதிரி இருக்குப்பா."

"இங்க மேலாக்க ஆர்ட்டரி வராது, அங்கிள். இப்ப ஜாடியில இருக்கே, உங்க அந்தக் கையைப் பார்த்துத்தானே நான் பாஸே ஆனேன்!" என்று சிரித்தார் ஜெயந்த்.

ஜாடியைப் பற்றிய உண்மையைச் சொன்னால் போதும், அந்த ஊசி வெளியே வந்துவிடும். ஜம்புநாதன் சொல்லவில்லை. ஒரு மூச்சு விடும் நேரம் தயங்கினார். பின்னாளில் என்னிடம் இதைச் சொன்னபோது, வெட்டி ஒட்டியதைவிட அந்தத் தயக்கத்தைச் சொல்லும் இடத்தில்தான் அவர் தலை தாழ்ந்தது.

அதற்குள் ஜெயந்தின் கட்டைவிரல் மருந்தை அழுத்தியது.

"ஐயோ, விரலெல்லாம் எரியறதே! நெருப்பை வெச்சாப்ல இருக்கே!" என்று சரசா அலறினார்.

"எடு! எடுத்துடு! அந்த ஜாடி பொய். நான்தான் வெட்டி ஒட்டினேன்!"

அதற்குள் பாதி மருந்து தமனி வழியே நேராக விரல்களுக்குப் பாய்ந்திருந்தது. பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் கையைக் காப்பாற்றினார்கள். மோதிரவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனிகள் மட்டும் கறுத்துவிட்டன. மூன்றாம் வாரம் அவற்றை நீக்க வேண்டியதாயிற்று.

வீடு திரும்பிய அன்று ஜம்புநாதன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். சரசா கட்டுப்போட்ட கையைப் பார்த்தபடி கேட்டார்:

"பதினொண்ணைத் திருத்தினேளே, பன்னண்டாவதா இதையும் ஒட்டிக் குடுத்துடறதுதானே?"

அதன்பின் பல நாள் அவரிடம் பேசவில்லை.

விஷயத்தைக் கேட்ட துறைத்தலைவர், உங்களுக்கு ஓய்வு பெற இரண்டு ஆண்டுகளே இருக்கின்றன, ஜாடியை அகற்றிவிட்டுச் சும்மா இருங்கள் என்றார். ஜம்புநாதன் அதற்கு உடன்படவில்லை. கை பற்றிய அடுத்த வகுப்பில் ஜாடியை எடுத்துவந்து, மாணவர்கள் முன்னிலையில் ஒட்டிய கிளையைப் பிய்த்துக் காட்டி, "இது நான் பண்ணின மோசடி" என்றார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஸ்நேஹா என்ற தமிழ் மாணவி மட்டும், "அப்போ ஒரிஜினல் எப்படி இருக்கும், அங்கிள்? ஒண்ணு காட்டுங்களேன்" என்று கேட்டாள்.

காட்டுவதற்கு அவரிடம் ஒன்றுமில்லை. பதினொன்றையும் திருத்தியிருந்தார்.

அன்று மாலை அதைச் சரசாவிடம் சொன்னார். மறுநாள் காலை சரசா புடவை மாற்றிக்கொண்டு, ஆட்டோவில் கணவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். துறையின் எஃகு மேசை மேல், வெட்டிய கைகளை வைக்கும் இடத்தில், தம் வலக்கையை நீட்டினார். நுனியிழந்த விரல்களை மடக்கி மறைக்கவில்லை. முழங்கைக்குச் சற்று மேலே, தோலடியில், அந்தத் தமனிக் கிளையின் துடிப்பு இன்னும் இருந்தது.

"பயப்படாமத் தொட்டுப் பாரும்மா. இதை உங்க அங்கிள் இன்னும் வெட்டலை" என்றார் ஸ்நேஹாவிடம்.

மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து இரண்டு விரல் வைத்துப் பார்த்தார்கள். இம்முறை யாரும் சிரிக்கவில்லை. ஜம்புநாதன் குழாயடியில் முதுகைக் காட்டி நின்று, ஏற்கெனவே கழுவிய தட்டுகளை மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தார்.