மூன்று வண்டிக்கு ஒரு டிரங்குப் பெட்டி

நான் டீ குடித்துக்கொண்டிருந்த குளத்தூர் டீக்கடை முன்னால் நான்கு மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்றன. ஒருவன் தன் வண்டியின் பக்கவாட்டுத் தகரப் பெட்டியைத் தட்டிக் காட்டி, "நானே செஞ்சதுங்க" என்றான். அந்தச் சத்தத்தில் என் உடம்பெல்லாம் எரிந்தது.

எனக்கு ஏழு வயதில் நடந்தது நினைவுக்கு வந்தது. அப்பாவும் அவருடைய இரண்டு சிநேகிதர்களும் ஆண்டுதோறும் மோட்டார் சைக்கிளில் வேளாங்கண்ணிக்குப் போவார்கள். வழியில் ஒரு வண்டி நின்றால் மூவரும் இறங்கித் தள்ளுவார்கள். ஒரே சிகரெட்டை மூவரும் இழுப்பார்கள். அந்த வருஷம் மூன்று வண்டிக்கும் ஒரே மாதிரிப் பெட்டி செய்ய, அம்மா கல்யாணத்தன்று ஆவூரிலிருந்து கொண்டுவந்த பச்சை டிரங்குப் பெட்டியை அப்பா வெட்டிவிட்டார்.

மாதா கோயிலில் பூசை முடிந்து வந்த அம்மா, பாயில் அந்துருண்டை வாசத்தோடு குவிந்து கிடந்த தன் சேலைகளைப் பார்த்தாள்.

"ஒங்க புண்ணியத்துல இனி எங்க துணி நனையாது தங்கச்சி" என்று ஒரு சிநேகிதர் சிரித்தார்.

"எந் துணி நனையலாமாண்ணே?"

கேட்டதோடு விடவில்லை. வண்டிகளில் மாட்டியிருந்த புதுப் பெட்டிகளைத் திறந்து அவர்கள் வேட்டிகளை வெளியே போட்டாள். தன் சேலைகளைத் திணித்தாள். "இதுகளும் மாதாவைப் பாத்துட்டு வரட்டும்."

"சிநேகிதங்க முன்னால மானத்தை வாங்குறியா?" என்று கத்திய அப்பா, சேலைகளை உருவி வாசல் மண்ணில் எறிந்தார். கல்யாணச் சேலைமேல் கிளம்பிய வண்டியின் சைலன்சர் கரியைக் கக்கியது. ஒருவர் வண்டியை ஒருவர் தள்ளுகிற அந்த மூவரில், ஒரு சேலையை எடுத்துக் கொடுக்க ஒருவரும் குனியவில்லை. அம்மாவும் நானும்தான் பொறுக்கினோம்.

எனக்கு இன்னும் ஆறவில்லை. டீக்கடை முன்னால் பெட்டியைத் தட்டிய அந்தப் பையனிடம், "யாரு பொட்டியை வெட்டுனீங்க தம்பி?" என்றேன்.