இடப்பக்கம் வந்த சைக்கிள்

நெருங்கி உட்காருங்கள் கண்ணுகளா. பயம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பேய் ராத்திரியில்தான் வரும் என்று நினைத்திருப்பீர்கள். நான் சொல்லப்போவது கத்திரி வெயிலில், நட்ட நடுப்பகலில் நடந்தது. யாரோ சொல்லிக் கேட்ட கதை இல்லை. அந்தக் காரின் பின் சீட்டில் நான் உட்கார்ந்திருந்தேன்.

1973-ஆம் வருஷம். காஞ்சிபுரத்தை ஒட்டிய செவிலிமேட்டில் எங்கள் வீடு. என் கொழுந்தன் வீரபாகு வாடகைக்கு ஓட்டலாம் என்று அந்த மாதம்தான் பழைய அம்பாசடர் ஒன்றை வாங்கியிருந்தான். வேலூர்ப் பக்கம் பலர் கைமாறி வந்த வண்டி. அன்றைக்கு அவன் பெண்டாட்டி கலாவதிக்குத் தலைப்பிரசவ வலி. குழந்தை குறுக்கே கிடக்கிறது, இனி தாமதிக்கக் கூடாது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் நாலு சாலை சேரும் இடத்தில், முந்தின வருஷம்தான் ஒரு ரவுண்டானா கட்டியிருந்தார்கள். நடுவில் வட்டமாகச் சிமெண்டுத் திட்டு. அதில் ஒரு விளக்குக் கம்பம். நாங்கள் அங்கே போகவும், பன்னிரண்டு மணிச் சங்கு ஊதவும் சரியாக இருந்தது. சாலையில் ஒரு நாய்கூட இல்லை. தார் இளகிப் பளபளத்தது.

வீரபாகு வேகத்தைக் குறைத்து வலது பக்கம் பார்த்தான். பயம் வந்தால் அவனுக்கு வாய் ஓயாது.

"உள்ள சுத்திக்கினு இருக்கற வண்டிக்குத்தான் அண்ணி மொதல் வழி. அது போனப்புறம்தான் நாம நுழையணும். நமக்கு மூணாவது ரோடு. அதனால திட்ட ஒட்டிக்கினே போயி, இடது பக்கம் பாத்து வெளிய வரணும்."

"பாடம் எடுத்தது போதும்னு சொல்லுக்கா உன் கொழுந்தன," என்றாள் கலாவதி, என் மடியில் கிடந்தபடி.

நுழைந்தோம். மூன்றாவது சாலை வந்தது. திருப்பப் போனவன் சட்டென்று நேராக்கினான். இடது பக்கம் ஒரு சைக்கிள்.

ஓட்டியவனுக்கு முப்பது வயது இருக்கும். பின்னால் அரக்குச் சாயம் போட்ட பட்டுநூல் கட்டு. என் ஜன்னலை ஒட்டி, கை நீட்டினால் தொடும் தூரத்தில் வந்தான்.

"சரி, இன்னொரு சுத்து," என்றான் வீரபாகு.

அடுத்த சுற்றிலும் சைக்கிள்காரன் அங்கேயே இருந்தான். வேகம் கூட்டினால் அவனும் கூட்டினான். நிறுத்தினால் அவனும் நின்றான். காலைத் தரையில் ஊன்றாமல்...

"யோவ், தள்ளிப் போய்யா. புள்ளத்தாச்சி இருக்குது," என்று கத்தினேன். அவன் திரும்பவில்லை. அந்த வெயிலிலும் அவன் கழுத்தில் ஒரு சொட்டு வியர்வை இல்லை.

"எந்த ரோடானாலும் சரி, வெளிய போயிடு வீரபாகு."

"எல்லா ரோட்டுலயும் அவன்தான் அண்ணி நிக்கறான். ஆள் மேல எப்படி ஏத்தறது?"

வீரபாகு ஆரன் அடித்தான். அடித்துக்கொண்டே இருந்தான். அதற்குப் பதில் போலச் சைக்கிள் மணி கேட்டது.

கிணிங்... கிணிங்...

சைக்கிள்காரன் விரல் அசையவில்லை.

சத்தம் எங்கள் காருக்கு அடியிலிருந்து வந்தது.

குனிந்து சாலையைப் பார்த்தேன். இளகிய தாரில் எங்கள் டயர்த் தடம், வட்டத்தின் மேல் வட்டமாக.

சைக்கிள் தடம்... இல்லை.

என் கையைப் பற்றியிருந்த கலாவதியின் பிடி தளர்ந்தது.

"அக்கா... புள்ள அசையலக்கா."

வீரபாகு காரை நிறுத்தினான். அழுதுகொண்டே இடது பக்கம் கையை நீட்டினான்.

"நீ மொதல்ல போப்பா."

சைக்கிள்காரன் அந்தக் கையைப் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான்.

பிறகு மெல்ல மிதித்து, எங்கள் முன்னால் போய், ஆஸ்பத்திரிச் சாலையில் திரும்பினான்.

அவன் பின்னாலேயே நாங்கள் திரும்பியபோது அந்தச் சாலையில் யாருமே இல்லை.

கலாவதி பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதாம்மா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

ஒரு மாதம் கழித்துக் காரின் இடது முன்சக்கரம் இறுகிக்கொண்டது. பட்டறைக்காரர் கோதண்டபாணி சக்கரத்தைக் கழற்றினார். பேச்சுக்கு நடுவே நாங்கள் அந்த ரவுண்டானாவைச் சொன்னோம்.

"அங்கயா? போன வருஷம் ஒரு நெசவுக்காரர அடிச்சிட்டாங்களே. காரு இடது பக்கம் பாக்காம திரும்பிடுச்சி. நிக்காமலே போயிட்டான். எந்த வண்டின்னு இன்னி வரைக்கும் தெரியலபா," என்றபடி உள்ளே கையை விட்டார்.

கையை வெளியே இழுத்தார்.

அவர் கையில் மசகு பிடித்த ஒரு நூல் சிக்கல். துடைத்தபோது அரக்கு நிறம் தெரிந்தது. பட்டுநூல். அதற்குள் நசுங்கிய ஒரு சைக்கிள் மணி.

கோபத்தில் எங்களை மறித்தானா, வழி கேட்டு நின்றானா... இன்றுவரை எனக்குத் தெரியாது. நீங்கள் வட்டத்தை விட்டு வெளியே வரும்போது இடது பக்கம் பாருங்கள் கண்ணுகளா. யாரும் இல்லை என்றாலும் ஒரு நொடி நின்று, வழிவிட்டுத் திரும்புங்கள்.

உங்கள் வீட்டிலிருந்து புறப்படும் வண்டியெல்லாம் பத்திரமாகத் திரும்பட்டும். உங்கள் வீட்டுத் தொட்டிலில் தாலாட்டு ஓயாதிருக்கட்டும்.