ரப்பர் பாலில் செங்கல் சுவர் எடுத்த ஜெயா அக்கா

ஜெயா அக்கா இன்று காலை போய்விட்டார். ரந்தாவில் இருக்கும் அவர் வீட்டில், சொந்தக் கட்டிலில், தூக்கத்திலேயே.

செய்தி கேட்டதும் எனக்கு முதலில் அழுகை வரவில்லை. அப்பாடா என்றுதான் வந்தது. திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளுங்கள்... ஆனால் முழுதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

அக்கா யார் என்று தெரியாதவர்களுக்கு... நீலாய் டவுனில் நான் வேலை செய்த மாடல் பட்டறையில் எனக்குப் பக்கத்து மேசை. வீடு கட்டி விற்கும் கம்பெனிகளுக்குக் குட்டி வீடு, குட்டிக் கடை, குட்டி மரம் எல்லாம் செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் கொடுக்கிற இடம். நான் பெயிண்ட். அக்கா சுவர்.

சுவர் என்றால் ரப்பர் பால் சுவர். செங்கல் வரி செதுக்கிய பிளாஸ்டர் அச்சில் சாயம் கலந்த பாலைப் பூசுவார், காயவிடுவார், மறுபடி பூசுவார். நடுவில் காயத்துக்குக் கட்டுகிற வலைத்துணி ஒரு படை.

காய்ந்ததும் பவுடர் தூவி மெதுவாக உரித்தால் முழுச் சுவரும் தோல் மாதிரி கையோடு வரும். வட்டமான தண்ணீர்த் தொட்டியோ வளைந்த மதிலோ, எதைச் சுற்றினாலும் வெடிக்காது.

"மொத பூச்சுல குமிழி விட்டியானா செங்கல்லுக்கு அம்மை போட்டுரும் புள்ள" என்பார். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். அவர் விரலுக்குப் பிடிக்காவிட்டால் அந்த ஷீட் குப்பைக்கு. நம் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது... கடுப்பாக வரும்.

ஒரு தடவை அச்சு உடைந்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு நல்ல ஷீட். அதன்மேல் சிலிகான் ஊற்றிப் புது அச்சு எடுக்கலாம் என்று முதலாளி உயர்ந்த சிலிகானாகப் பார்த்து வாங்கி வந்தார்.

முதலாளி, அக்கா, நான்... மூன்று பேரும் ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தவர்கள். ரப்பர் பால் ஒரு பொருளைக் கெடுக்கும் என்று மூன்று பேர் மண்டையிலும் உதிக்கவில்லை. டப்பாவில் எழுதியிருந்ததை யார் படித்தது!

ரப்பர் பால் பட்ட இடத்தில் அந்தச் சிலிகான் இறுகவே இறுகாதாம். மறுநாள் காலையில் தொட்டால் டோடோல் அல்வா மாதிரி ஒட்டுகிறது. மாடலை எடுத்துப்போகக் கம்பெனி மேனேஜர் கிளம்பி வந்துகொண்டிருக்கிறார். முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

அக்காவுக்குச் சிரிப்பு. "வெளிய சொல்லிறாதீங்கலா, எஸ்டேட் மானமே போயிரும்!" ஒட்டியதை எல்லாம் துடைத்து, பவுடரைக் கொட்டி, அந்த ஒரே ஷீட்டையே நறுக்கி மதிலில் ஒட்டிவிட்டார்.

மேனேஜர் ஒரு சீனர். பெட்டியை மூடுமுன் விரலால் சுவரை அழுத்திப் பார்த்தார். அமுங்கித் திரும்ப வந்தது. என்ன செங்கல் இவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்று மலாயில் கேட்டார். அக்கா அசரவில்லை. அதே மலாயில், ரப்பர் எஸ்டேட் செங்கல் அப்படித்தான் இருக்கும் போஸ் என்றார். மனுஷன் சிரித்துக்கொண்டே எடுத்துப்போனார்.

போன வருடம் அக்காவுக்கு இதயம் கெட்டுப்போனது. வார்டில் நினைவு தப்பித் தப்பி வரும்போதெல்லாம் மூக்கில் போட்ட டியூபைப் பிடுங்கி எறிந்தார். வேறு வழியில்லாமல் இரண்டு கையையும் துணியால் கட்டிலோடு கட்டி வைத்தார்கள்.

நர்ஸுகளைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கட்டைவிரல் மெத்தை விரிப்பைத் தேடித் தேடித் துழாவியதை என்னால் பார்க்க முடியவில்லை. வெளியே வந்து அழுதுவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அக்கா கேட்டது ஒன்றுதான். "இனிமே என் கைய கட்ட விட்டுறாதீங்க." அவர் கணவர் செல்வம் மாமா தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

கெமாஸில் இருக்கும் அக்காவின் தம்பி குமார் ஒத்துக்கொள்ளவில்லை. "மூச்சு தெணறுனா சும்மா பாத்துக்கிட்டு ஒக்கார சொல்றீங்களா மாமா?" அவர் கேட்டதும் நியாயம்தானே... கூடப்பிறந்தவர்.

அதிலிருந்து போன் அடித்தாலே எனக்குப் பயம். செத்துப்போவாரோ என்று இல்லை. மறுபடி கொண்டுபோய்க் கட்டிவிடுவார்களோ என்று.

போன வாரம் மூச்சு முட்டியது. குமார் காடியை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். எஞ்சினை அணைக்காமலே உள்ளே ஓடிவந்தார். நானும் அங்கேதான் இருந்தேன்.

குனிந்து கேட்டார். "க்கா, ஆஸ்பத்திரிக்குப் போயிருவமா?"

அக்கா இரண்டு கையையும் மெதுவாக இழுத்துப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டார்.

குமார் வெளியே போய் எஞ்சினை அணைத்துவிட்டு வந்து அக்காவின் காலடியில் உட்கார்ந்தார். வீட்டுக்கே வருகிற நர்ஸைக் கூப்பிட்டார்கள். மூச்சுக்கு மருந்து கொடுத்தார். அக்கா தூங்கினார்.

இன்று காலை எனக்குப் போன் செய்ததும் குமார்தான். "அக்கா போயிருச்சிம்மா. வீட்டுலதான்." அதற்குத்தான் அப்பாடா என்றேன். இப்போது சொல்லுங்கள்.

மத்தியானம் போனேன். குளிப்பாட்டி, புதுச் சேலை கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். முகம் தெளிவாக இருந்தது. பக்கத்து வீட்டு அம்மா வெள்ளைத் துணியைக் கிழித்துக் கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினார். நம் வழக்கத்தில் அடுத்தது கைக் கட்டைவிரல்கள். இன்னொரு துண்டு கிழித்தார்.

குமார் எழுந்து வந்தார். "கால் போதும்மா. கைய கட்ட வேணாம்."

"மொறைன்னு ஒன்னு இருக்கேய்யா..."

"இருக்கட்டும்மா. எங்கக்காவுக்கு அது ஆவாது."

அந்த அம்மா அவர் முகத்தைப் பார்த்தார். துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

கைய வீசிக்கிட்டு நல்லபடியா போங்க அக்கா...