நியூ மோல்டனில் 'ப்ளீஸ்' இல்லாத ஒரு வசனம்

1992, குளிர்காலம் தொடங்கிய ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது மணிக்கு மோர்டனில் பஸ் எடுக்கப் புறப்பட்டேன். நியூ மோல்டனுக்கு மூன்று மைல்; கட்டணம் அறுபது பென்ஸ். இரவு ஷிப்ட் முடித்து வந்த என் அறைத்தோழர் சிவம் அண்ணை வாசலில் மறித்தார்.

"கொரியாக்காரருக்கு நீ இங்கிலிஷ் படிப்பிக்கிறியோ? மகாராணிக்குத் தெரியுமோ?"

"உதவிக்குத்தான் போறன், அண்ணை."

நியூ மோல்டன் கடைத்தெருவில் பாதிப் பலகைகள் கொரிய எழுத்தில் இருந்தன. வகுப்பு தேவாலய மண்டபத்தில். அன்றைய சொல் 'புரொடெக்ட்'. பாடப் புத்தகத்தில் குடை பிடித்த ஒருவர் சிரித்துக்கொண்டு நின்றார். என் மேசையிலிருந்த மிஸிஸ் பார்க் அகராதியில் தேடி, "போஹோ" என்று தன் மொழியில் சொன்னார். பிறகு குடையை விரலால் மறைத்தார்.

"மழை இல்லை. என் மகன். பள்ளியில் அடிக்கிறார்கள். ஹெட்மாஸ்டரிடம் எப்படிச் சொல்வது?"

'யூ மஸ்ட் புரொடெக்ட் மை சன்' என்று எழுதிக் கொடுத்தேன்.

"ஆசிரியரிடம் 'மஸ்ட்' சொல்லலாமா?" அவர் முன்னால் 'ப்ளீஸ்' சேர்த்துக்கொண்டார்.

மதியம் இருவரும் பள்ளிக்கு நடந்தோம், அரை மைல். துணியில் கட்டிய பேரிக்காய்ப் பெட்டி அவர் கையில். நான் தடுக்கவில்லை. எழுத்தறியாத என் அப்பாவும் மாம்பழக் கூடையோடுதான் என்னைப் பள்ளியில் சேர்த்தார்.

ஹெட்மாஸ்டர் பெட்டியைப் பார்த்ததும் மலர்ந்தார். "எவ்வளவு அன்பு! பையன் இங்கே சந்தோஷமாக இருக்கிறான் போலும்."

மிஸிஸ் பார்க் குனிந்து வணங்கினார். வசனம் வாயில் வரவில்லை. அவனுக்கு அடி விழுகிறது என்று நான்தான் சொன்னேன்.

"பையன்கள் விளையாடுவார்கள். இவனுக்குக் கராத்தே தெரியாதா?" சிரித்தார்.

 அவருடைய நாற்காலியை உதைக்க வேண்டும் போலிருந்தது. அதற்குள் மிஸிஸ் பார்க் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார். அவிழ்ந்த துணியை மறுபடி முடிந்தார்.

"யூ மஸ்ட் புரொடெக்ட் மை சன்."

'ப்ளீஸ்' இல்லை. ஹெட்மாஸ்டரின் சிரிப்பு நின்றது. பேனையை எடுத்து, அடித்தவர்களின் பெயர்களைக் கேட்டார்.

பஸ் தரிப்பிடத்தில் மிஸிஸ் பார்க் எனக்கு ஒரு பேரிக்காய் தந்தார். "அடுத்த கிழமை இப்படிப்பட்ட வேறு சொற்களும் வேண்டும்."

மோர்டன் வரும்வரை கோபம் ஆறவில்லை. அப்பாவின் மாம்பழங்களை வாங்கி வைத்த எங்கள் தலைமையாசிரியர், என்னைக் கடைசி வாங்குப் பலகைக்குப் பின்னால் நிலத்தில் இருத்தினார். அப்பா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கூடையைத் திருப்பித் தூக்கியிருக்கலாம்.